குடியை நிறுத்திய கணவரை எந்தக் கூட்டத்துக்கு அழைத்துப் போவது?

கேள்வி: என் கணவருக்கு வயது 41. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் டெய்லராக இருக்கிறார். பல ஆண்டுகளாக இருந்த குடிப்பழக்கத்துக்கு மறுவாழ்வு மையம் ஒன்றில் தங்கிச் சிகிச்சை பெற்று, சென்ற மாதம்தான் வீடு திரும்பினார். "ஏ.ஏ. கூட்டத்துக்குப் போங்கள்" (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்: குடியை விட விரும்புவோர் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் அமைப்பு) என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். எங்கே விசாரிப்பது என்று தெரியவில்லை. கூட்டம் சர்ச் வளாகத்தில் நடக்குமாம். மதம் மாற்றிவிடுவார்களோ என்று மாமியார் பயப்படுகிறார். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கணவரும் தயங்குகிறார். என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

மருத்துவர் பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய முதல் சில மாதங்களில்தான் பலரும் மீண்டும் குடிக்கத் தொடங்குகிறார்கள். ஆகவே இதைத் தள்ளிப்போடாமல் கேட்டது நல்லது. முகவரியை மட்டும் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலானோர் போவதில்லை என்பதையும், ஏற்கெனவே அங்கே போய்வரும் ஒருவர் வந்து அழைத்தால் தயங்கியவர்களும் கிளம்பிவிடுகிறார்கள் என்பதையும் நான் தொடர்ந்து பார்க்கிறேன். எனவே கூட்டம் எங்கே நடக்கிறது என்பதோடு, முதல் நாள் யார் உடன் வருவார் என்பதையும் சேர்த்தே விசாரியுங்கள்.

முதலில், அவர் தங்கியிருந்த மையத்தின் ஆலோசகரிடமே கேளுங்கள். பல மையங்களில் ஏ.ஏ. உறுப்பினர்கள் வந்து உள்நோயாளிகளிடம் பேசுவது வழக்கம்; அவர்களில் ஒருவரின் எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அங்கே பதில் கிடைக்காவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லா எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. பின்னதில் தமிழிலேயே பேசலாம். ஊருக்குள் போகக் கூச்சமாக இருந்தால், தொடக்கத்தில் கோயம்புத்தூரில் நடக்கும் கூட்டங்களுக்குப் போய்வருவதில் தவறில்லை. ஆனால் தொலைவைக் காரணம் காட்டி வாரங்கள் விட்டுப்போகும் என்பதால், விரைவில் பக்கத்துக் குழுவுக்கு மாறிவிடுவது நல்லது.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரான் நகரில், குடிநோயிலிருந்து மீள முயன்ற பில் வில்சன், பாப் ஸ்மித் என்ற இருவரால் தொடங்கப்பட்டது. இது எந்த மதத்தையும் சார்ந்ததல்ல. குறைந்த வாடகைக்குக் கிடைப்பதால்தான் சர்ச் வளாகத்திலும் பள்ளிக்கூட அறையிலும் கூடுகிறார்கள். கடவுளைப் பற்றிய பேச்சு உண்டு. ஆனால் அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்பதே அவர்களின் நிலைப்பாடு. உங்கள் மாமியார் வணங்கும் குலதெய்வத்துக்கும் அதில் இடமுண்டு என்று அவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

கூட்டத்தில் ஒருவர் எழுந்து தன் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார். மற்றவர்கள் குறுக்கே பேசுவதோ அறிவுரை சொல்வதோ இல்லை. புதிதாக வருபவர் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். கட்டணம் கிடையாது, விருப்பமுள்ளவர்கள் மட்டும் உண்டியலில் ஏதாவது போடுவார்கள். அங்கே கேட்டதையும் பார்த்த முகங்களையும் வெளியே சொல்லக் கூடாது என்பது அவர்கள் கடைப்பிடிக்கும் மரபு. தெரிந்தவர் யாராவது அங்கே இருந்தால், அவரும் இதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பார் என்பதைக் கணவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை வாரச் சம்பளம் கையில் வரும் மாலைதான் அவருக்கு மிகக் கடினமான நேரமாக இருக்கும். டாஸ்மாக் வாசலைக் கடக்க வேண்டிய அந்த மாலையிலோ, மறுநாள் ஞாயிறன்றோ நடக்கும் கூட்டமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் வேறொன்றுக்குப் போகட்டும்; குழுவுக்குக் குழு ஆட்களும் பேச்சும் மாறும்.

மருத்துவராக இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். அவருக்கு எழுதிக் கொடுத்துள்ள மாத்திரைகளை, கூட்டத்தில் யார் சொன்னாலும் நிறுத்தக் கூடாது, ஏ.ஏ. அமைப்பே தன் உறுப்பினர்கள் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்கிறது. அடுத்து, அவர் மறுபடியும் குடித்துவிட்டால் கோபத்தில் வீட்டில் பூட்டிவைக்காதீர்கள். சில நாட்கள் தொடர்ந்து குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்தும்போது முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்து உடல் நடுங்கி, வேர்த்துக்கொட்டி, இல்லாத உருவங்கள் தெரிவதாகச் சொல்லத் தொடங்கினால் அது உயிருக்கே ஆபத்தான நிலை. உடனே 108-ஐ அழையுங்கள். அந்தக் கட்டத்தில் தேவைப்படுவது மருத்துவமனை. ஏ.ஏ. கூட்டத்துக்கு உடல் தேறிய பிறகு போகலாம். "சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடியை மறந்துவிடுவார்" என்று விற்கப்படும் பொடிகளையும் தொடாதீர்கள். அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை. குடிக்கு எதிரான டைசல்ஃபிராம் போன்ற மருந்து அதில் இருந்து, அது தெரியாமல் அவர் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கு ஆபத்து நேரலாம்.

உங்கள் கடிதத்தில் கணவரைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற அமைப்பு 1951 முதல் இருக்கிறது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் பில் வில்சனின் மனைவி லோயிஸ். ஏ.ஏ. பற்றி விசாரிக்கும்போது அல்-அனான் கூட்டம் அருகில் எங்கே நடக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கணவர் இந்த வாரம் வர மறுத்தாலும், அவருக்காகக் காத்திருக்காமல் நீங்கள் போய்வாருங்கள்.