ஒப்பாரிக் கோச்சியும் ஏஐ வீடியோவும்

வணக்கம் அண்ணா,

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் தொழில். 1970களில் எங்கள் அம்மாயியின் தங்கை குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. அந்தப் பிரிவைக் குறும்படமாக எடுக்க ஆசை. அந்தக் காலத்துக் கோச்சி (ரயில்), தலைமன்னார் இறங்குதுறை, கப்பல் எல்லாவற்றுக்கும் செட் போட என்னிடம் காசில்லை. ஏஐயில் செய்யலாம் என்று விசாரித்தால் வியோ, கிளிங், ரன்வே, வான் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒன்றுக்குத்தான் காசு கட்ட முடியும். எது நல்லது? படம் முழுவதையுமே அதில் செய்துவிடலாமா? சின்னம்மாயியின் பழைய போட்டோ ஒன்றுதான் வீட்டில் இருக்கிறது. அதை அழ வைத்து, பேச வைத்தால் பார்ப்பவர் மனதில் நிற்கும் என்கிறான் கூட்டாளி. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

*

அன்புள்ள தம்பி,

முழுப் படத்தையும் அதில் செய்ய வேண்டாம். தோட்டத்தையும் நம் ஆட்களையும் கமெராவில் எடுங்கள். இன்று எடுக்கவே முடியாத கப்பல், கடல், இரவில் ஓடும் கோச்சி ஆகியவற்றுக்கு மட்டும் ஏஐயிடம் போங்கள். இதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

'இலங்கை மலையகத்தில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்' என்று எழுதி, உங்களுக்குப் பிடித்த எந்தக் கருவியிலாவது கேட்டுப் பாருங்கள். எனக்கு வந்தது எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே பெண்தான். கை நிறைய வளையல், பளிச்சென்ற சேலை, கமெராவைப் பார்த்து ஒரு சிரிப்பு. கூடையைப் பள்ளிக்கூடப் பை மாதிரி இரண்டு தோளிலும் மாட்டியிருக்கிறாள். தலையில் கூடையைத் தாங்கும் கயிறு இல்லை, இடுப்பில் சுற்றிக் கட்டும் படங்குச் சாக்கு இல்லை. ஒரு கையால் ஒரு இலையைக் கிள்ளி அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நம் அம்மாக்கள் இரண்டு கையாலும் பறித்து, கை நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலால் கூடைக்குள் எறிவார்கள். அந்த ஒரு அசைவைக் கேட்டால் கருவி திணறிவிடுகிறது. கொழுந்து நடுவழியில் காணாமல் போகிறது, அல்லது கூடையைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடு, கேட்டால் ஓட்டுக்கூரை போட்ட கேரளத்து வீடு வருகிறது. இஸ்தோப்பு என்ற முன் திண்ணை, புகை படிந்த சுவர், கல் ஏற்றிய தகரக்கூரை எதுவும் அதற்குத் தெரியாது.

இவை ஏற்கெனவே இருக்கும் படங்களையும் வீடியோக்களையும் பார்த்துப் பழகிய கருவிகள். நம்மைப் பற்றி வெளியே கிடக்கும் படங்களில் பெரும்பங்கு, வெள்ளைக்காரன் காலத்துப் போஸ்ட்காட்டிலிருந்து இன்றைய சுற்றுலா விளம்பரம் வரை, தேயிலை விற்கவும் ஊரைக் காட்டவும் எடுத்தவை. நம் வீட்டு ஆல்பம் அதற்குள் போகவில்லை. எத்தனையோ வீடுகளில் ஆல்பமே கிடையாது. ஆகவே தேயிலைப் பெட்டியின் மேல் இருக்கும் பெண்தான் திரும்பத் திரும்ப வருவாள். அவளையே நம் கையால் இன்னொரு முறை செய்து, அதற்கு 'எங்கள் கதை' என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் வீட்டு வாசலில் இறங்கினால் அசல் இருக்கிறது, தம்பி. போன் கமெரா போதும்.

சரி, கருவிகளுக்கு வருவோம். கூகுளின் வியோ 3, 2025 மே மாதம் வந்தது. படத்தோடு சத்தத்தையும் சேர்த்தே தரும். ஒரு கிளிப் 8 செக்கன் வரைதான். கடல், மழை, பனிமூட்டம் ஆகியவற்றில் அது தந்தது எனக்குத் திருப்தி. வசனத்தை மட்டும் அதனிடம் விடாதீர்கள். தமிழில் பேசச் சொல்லிப் பார்த்தேன், வந்தது நம் லயத்துப் பேச்சே இல்லை. அம்மாயியின் குரலும் உங்கள் ஆட்களின் குரலும் இருக்கும்போது அது எதற்கு?

கிளிங் சீனாவின் குவைஷோ நிறுவனத்துடையது. முதல் ஃப்ரேமையும் கடைசி ஃப்ரேமையும் நாம் கொடுத்தால் இடையில் நடப்பதை அது நிரப்பும். ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கும் கை, பிறகு கம்பி மட்டும். இப்படி ஒரு ஷொட்டுக்கு அது நன்றாகப் பொருந்தும்.

உங்கள் கதைக்கு மிகவும் தேவைப்படுவது ரன்வே என்று நினைக்கிறேன். 2025 மார்ச்சில் வந்த அதன் ஜென்-4, ஒரு முகத்தின் படத்தைக் கொடுத்தால் வேறு வேறு இடங்களிலும் அதே முகத்தை ஓரளவு காப்பாற்றுகிறது. கோச்சியில் இருந்த பெண்ணே கப்பலிலும் இருந்தாக வேண்டும் அல்லவா? அதே வருடம் ஜூலையில் வந்த ரன்வேயின் அலெஃப், நாம் எடுத்த வீடியோவையே மாற்றித் தரும். ஹட்டன் ஸ்டேஷனில் உங்கள் நடிகர்களை வைத்து எடுத்துவிட்டு, பின்னால் தெரியும் விளம்பரப் பலகையை அழித்துவிடலாம், பகலை அந்தியாக்கலாம். முகமும் அழுகையும் நம்முடையவை, பின்னணி மட்டும் மாறும். ஒன்றுக்குத்தான் காசு என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

அலிபாபாவின் வான் 2.1, 2025 பெப்ரவரியில் திறந்த மூலமாக, அதாவது யாரும் இலவசமாக இறக்கித் தம் கணினியிலேயே ஓட்டும்படி, வெளிவந்தது. அதன் சிறிய மாடலுக்கு 8 ஜிபி அளவு நினைவகமுள்ள என்விடியா கார்ட் போதும். ஆர்டிஎக்ஸ் 4090 மாதிரிப் பெரிய கார்டிலேயே 5 செக்கன் கிளிப்புக்கு நாலு நிமிடம் போல எடுக்கும், தரமும் 480பிதான். ஆனாலும் எடிட்டிங் கணினி வைத்திருக்கும் உங்களுக்கு ஒத்திகை பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை. மற்றவற்றில் கெட்டுப்போன கிளிப்புக்கும் கிரெடிட் கழியும், அதுவும் டொலர் கணக்கில். வியோ 3 வந்தபோது கூகுளின் அல்ட்ரா சந்தா மாதம் 249.99 டொலர். தோட்டத்தில் ஒருவருடைய மாதச் சம்பளத்தைவிட அது அதிகம். இலவசக் கணக்கில் செய்யலாம் என்று பார்த்தால் கிளிங்கிலும் ரன்வேயிலும் வாட்டர்மார்க் விழும். ஆகவே நடிகர்களை வைத்து எடுக்க வேண்டியதை எல்லாம் எடுத்து, எடிட் செய்து, எந்த இடம் வெறுமையாக இருக்கிறது என்று பார்த்த பிறகு ஒரே ஒரு மாதத்துக்குக் காசு கட்டுங்கள். விலையும் பதிப்பும் மாறிக்கொண்டே இருப்பவை, அன்றைக்கு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எதைக் கேட்டாலும் வெறும் எழுத்தால் கேட்காதீர்கள். முதலில் ஒரு படத்தைத் தயார் செய்து, அதை அசைக்கச் சொல்லுங்கள். 'இலங்கை ரயில்' என்று எழுதினால் இந்தியப் பெட்டியோ ஐரோப்பிய நீராவி எஞ்சினோ வந்து நிற்கும். கனடா 1954 முதல் நமக்குத் தந்த எம்2 டீசல் எஞ்சின்கள் மலைப்பாதையில் ஓடியவை. அந்த எஞ்சினின் படத்தைக் கொடுங்கள். ஹட்டனிலிருந்து பொல்கஹவெல, அநுராதபுரம், மதவாச்சி, தலைமன்னார் என்பது வழி. மதவாச்சி தாண்டினால் மலையே கிடையாது, ஜன்னலுக்கு வெளியே மலை தெரிந்தால் ஷொட் பிழை. தனுஷ்கோடி 1964 டிசம்பர் புயலில் அழிந்துவிட்டதால் உங்கள் சின்னம்மாயி ராமேஸ்வரத்தில்தான் இறங்கியிருப்பார். 'கப்பல்' என்று மட்டும் கேட்டால் நாலு புகைபோக்கி வைத்த பெரிய கப்பல் வரும். பாக்கு நீரிணையில் ஓடியது பயணிகள் படகுச் சேவைக்கான சிறிய கப்பல். பழைய பத்திரிகைப் படம் ஒன்றைத் தேடி எடுத்த பிறகு அந்த ஷொட்டுக்குப் போங்கள்.

சின்னம்மாயியின் போட்டோவை அசைக்க வேண்டாம். உங்கள் கூட்டாளி சொல்வது போல அது மனதில் நிற்கும்தான், அதற்காகவே பயப்படுகிறேன். அவர் அந்தக் கோச்சியில் அழுதாரா, கல்லாக உட்கார்ந்திருந்தாரா, பிள்ளைக்குச் சோறு ஊட்டினாரா என்று அம்மாயிக்கே தெரியாது. கருவி அழ வைத்துவிட்டால் இனி உங்கள் வீட்டில் அவர் எப்போதும் அழுதுகொண்டுதான் போவார். போட்டோவை அப்படியே திரையில் நிறுத்தி, மேலே அம்மாயியைப் பேச விடுங்கள். போனவர் முகத்துக்கு ஒரு நடிகையைத் தேடுங்கள்.

இன்னொன்றையும் கட்டாயம் செய்யுங்கள். கருவி செய்த ஒவ்வொரு ஷொட்டின் மூலையிலும் 'ஏஐ காட்சி' என்று தெரியும்படி போடுங்கள். டைட்டிலில் ஒருமுறை போட்டால் போதாது. இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், நம் ஆட்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதி வைத்தது. அவ்வளவு பெரிய பயணம், நம் ஆட்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் வைத்த பயணம், அதற்கு அசையும் படமாக நம் கையில் மிஞ்சியிருப்பது மிகக் குறைவு. அந்த இடத்தில் உங்கள் ஷொட் போய் உட்காரும். யாராவது அந்த எட்டு செக்கனை வெட்டி, '1972, உண்மைக் காட்சி' என்று ஃபேஸ்புக்கில் போடுவார்கள். அடுத்த வருடம் ஒரு பிள்ளை அதைப் பாடசாலைக் கண்காட்சியில் ஆதாரமாக வைக்கும். கூகுள் தன் வீடியோக்களில் சின்த்ஐடி என்ற குறியைப் பதித்துத்தான் தருகிறது, ஆனால் அது கண்ணுக்குத் தெரியாது. பார்க்கிற பிள்ளைக்குத் தெரிய வேண்டியது மூலையில் இருக்கும் எழுத்துத்தான்.

சின்னம்மாயி குடும்பம் எங்கே குடியேறியது என்று நீங்கள் எழுதவில்லை. நீலகிரிப் பக்கம் என்றால், கூடலூர், கோத்தகிரி ஆகிய இடங்களில் டேன்டீ தோட்டங்களில் பேரப்பிள்ளைகள் இருக்கக்கூடும். இங்கிருந்து போனவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968 இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தோட்டங்கள் அவை. தேடிப் பிடித்து, வீட்டில் இருக்கும் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். போனில் பேசிப் பதிந்து அனுப்பினால் இன்னும் நல்லது. அப்புறம் அம்மாயியிடம் உட்கார்ந்து, அன்றைக்குத் தங்கை என்ன சேலை கட்டியிருந்தார், பெட்டிக்குள் எதையெல்லாம் வைத்தார்கள், ஸ்டேஷனுக்கு யார் யார் வந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஷொட் பட்டியலை அதை வைத்துப் போட்டு எனக்கு அனுப்புங்கள். எதைக் கமெராவில் எடுப்பது, எதை ஏஐயிடம் கொடுப்பது என்று இருவரும் சேர்ந்து பிரிப்போம்.

அன்புடன்,
அண்ணன்