நுரையீரல் புற்றுநோயில் ஜீன் டெஸ்ட்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு அடினோகார்சினோமா (நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகை), நான்காம் நிலை. ஜீன் ரிப்போர்ட் வர மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை இம்யூனோதெரபி (நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து) ஒரு டோஸ் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற ஜீனில் மாற்றம் இருந்தால் இம்யூனோதெரபி பெரும்பாலும் எடுபடாது. போட்ட மருந்து உடம்பில் மாதக்கணக்கில் தங்கும். அதன் மேல், அந்த மாற்றத்துக்கான மாத்திரையான ஒசிமெர்டினிப் கொடுத்தால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்து கூடும். மூச்சுத்திணறல் அதிகமாகி, காத்திருக்க வழியில்லை என்றால் முதல் சைக்கிள் கீமோ மட்டும் கொடுப்பது வழக்கம். பி.டி.-எல்1 (இம்யூனோதெரபி எடுபடுமா என்று கணிக்கப் பார்க்கும் புரதம்) 90 சதவீதம் என்று வந்திருந்தாலும் அவசரம் வேண்டாம். அது ஜீன் டெஸ்டே அல்ல.

கேள்வி: "ஸாம்பிள் போதவில்லை" என்று லேப் திருப்பி அனுப்பிவிட்டதே?

பதில்: ஊசி பயாப்ஸியில் கிடைப்பது குண்டூசித் தடிமனில் ஒரு நூல். அதை மெழுகில் பதித்த பாரஃபின் பிளாக்கை, சீவும் கருவியான மைக்ரோடோமில் ஏற்றும் ஒவ்வொரு முறையும் மட்டப்படுத்தவே கொஞ்சம் சீவி வீணாகும். புற்றின் வகையைக் காட்டும் ஐ.எச்.சி. (புரதச் சாயச் சோதனை) மார்க்கர்களை அடுத்தடுத்துப் போட்டுக்கொண்டே போனால் மிஞ்சுவது மெழுகுதான். டி.டி.எஃப்-1, பி40 என்ற இரண்டு மார்க்கர்களோடு நிறுத்த முடியுமா என்று கேளுங்கள், என்.ஜி.எஸ்.ஸுக்கான (பல ஜீன்களை ஒன்றாகப் பார்க்கும் டெஸ்ட்) சீவல்களையும் அதே தடவையில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். புற்றுச் செல்கள் சுமார் 20 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று பல லேப்கள் கேட்கும். எலும்பிலிருந்து எடுத்த துண்டில் இன்னொரு வில்லங்கம் உண்டு. சுண்ணாம்பை நீக்க ஆசிட்டில் ஊறவைத்தால் டி.என்.ஏ. சிதைந்துவிடும். ஈ.டி.டி.ஏ. கரைசலில் நாள் கூடுதலாகும், ஆனாலும் அதுதான் சரி.

கேள்வி: ரத்தத்திலேயே பார்த்து முடித்துவிடலாமே?

பதில்: மாற்றம் "இருக்கிறது" என்று வந்தால் மருந்தைத் தொடங்கலாம். "இல்லை" என்று வந்தால் நம்பாதீர்கள், கட்டி ரத்தத்தில் டி.என்.ஏ.வை உதிர்க்காமல் இருந்திருக்கலாம். ஏ.எல்.கே., ராஸ்1 ஜீன்கள் வேறு ஜீனோடு ஒட்டிக்கொள்ளும் இணைவுகள் இன்னும் எளிதாகத் தப்பிவிடும். திசுவுக்குத்தான் திரும்ப வேண்டும்.

கேள்வி: ரிப்போர்ட்டில் "ஈ.ஜி.எஃப்.ஆர். பாசிட்டிவ், எக்ஸான் 20". ஒசிமெர்டினிப் தானே?

பதில்: அந்த வரியை முழுசாகப் படியுங்கள். எக்ஸான் என்பது ஜீனின் ஒரு பகுதி. எக்ஸான் 19 டெலிஷன் (ஒரு துண்டு விடுபடுதல்), எக்ஸான் 21 எல்858ஆர் (ஓர் எழுத்து மாறுதல்) என்றால் தினம் ஒரு 80 மி.கி. மாத்திரை. எக்ஸான் 20 "இன்சர்ஷன்" (கூடுதல் துண்டு நுழைதல்) என்றால் அந்த மாத்திரை பெரிதாகக் கேட்காது. கீமோவுடன் அமிவான்டமாப் என்ற ஊசி மருந்து பற்றி டாக்டரிடம் பேசுங்கள். அதே எக்ஸான் 20-இல் டி790எம் என்ற மாற்றம் இருந்தால் ஒசிமெர்டினிப் நன்றாகவே கேட்கும்.

கேள்வி: பிள்ளைகளுக்கும் டெஸ்ட் எடுக்கணுமா?

பதில்: தேவையில்லை. இது கட்டியில் உருவான மாற்றம், பிறவியில் வந்ததல்ல. மாத்திரையே தொடங்காதவருக்கு டி790எம், அதுவும் ஸாம்பிளின் டி.என்.ஏ.வில் அதன் பங்கு 50 சதவீதத்தை ஒட்டி வந்திருந்தால், அது பிறவியிலேயே வந்ததாக இருக்கலாம்; அப்போது மட்டும் மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.