பணம் மலிந்த காலமும் முடங்கிய காலமும்: ஸ்டார்ட்அப் முதலீடு – கேள்வி பதில்

வேலூர்க்காரர்: 2021-ல் நாலு ஸ்லைடு காட்டினாலே பணம் கொட்டினார்கள். இப்போது லாபம் காட்டினாலும் போனை எடுப்பதில்லை. அதே ஆட்கள்தானே?

ஆட்கள் அவர்களேதான். ஆனால் கையிலிருப்பது அவர்கள் பணமில்லை. ஸ்டார்ட்அப்களில் போடும் ஃபண்டுக்குப் பணம் தருவது ஓய்வூதிய நிதிகள், பல்கலைக்கழக அறக்கட்டளைகள், இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள். அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்தை ஒட்டி வைத்திருந்தவரை கடன் பத்திரத்தில் அவர்களுக்கு ஒன்றும் தேறவில்லை. அதனால் பத்து வருஷம் பூட்டி வைக்கும் ஃபண்டுகளில் போட்டார்கள். 2022 மார்ச்சில் வட்டி ஏறத் தொடங்கி, 2023 ஜூலையில் 5.25–5.5% ஆனது. சும்மா வைத்திருந்தாலே ஐந்து சதவீதம் வந்தபோது உங்கள் ஸ்லைடுக்காக யார் காத்திருப்பார்?

முதலில் அடிவாங்கியவை பெரிய, கடைசிக்கட்ட முதலீட்டுச் சுற்றுகள். பங்குச்சந்தைக்குப் பக்கத்து வீடு அவைதான். 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' கடன் தரும் ஸ்வீடனின் கிளார்னாவுக்கு 2021-ல் போட்ட மதிப்பு 4,560 கோடி டாலர். 2022 ஜூலையில் 670 கோடி. கம்பெனியும் அதேதான், ஆப்பும் அதேதான்.

புதுமுகம்: என் கம்பெனிக்கு என்ன வேல்யுவேஷன் கேட்கலாம்?

அதைவிட லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் ஷரத்தைப் படியுங்கள். கம்பெனி விலைபோனால் முதலீட்டாளர் போட்டதில் எத்தனை மடங்கை முதலில் எடுத்துக்கொள்வார் என்பது அதில் இருக்கும். 20 கோடி வாங்கி, 20% பங்கு கொடுத்து, 100 கோடி மதிப்பு என்று கேக் வெட்டுவீர்கள். பிறகு கம்பெனி 30 கோடிக்குத்தான் விலைபோகும். ஒப்பந்தத்தில் ஒரு மடங்கு என்றிருந்தால் முதலீட்டாளர் 20 கோடியை எடுத்துக்கொள்வார், மிச்சம் 10 உங்களுக்கும் மற்றவர்களுக்கும். இரண்டு மடங்கு என்றிருந்தால் 40 அவருக்குப் போக வேண்டும்; இருப்பதே 30. கேக் வெட்டிய கையைத் துடைத்துக்கொண்டு போக வேண்டியதுதான். பணம் முடங்கும் காலத்தில் மதிப்பைக் குறைக்காமல் இந்த மடங்கை ஏற்றுவார்கள். செய்தித்தாளில் மதிப்புதான் வரும், இந்த ஷரத்து வராது.

ஓசூர் மாணவி: இந்தத் தொழில் எப்போது தொடங்கியது?

1946-ல் பாஸ்டனில் ஜார்ஜ் டோரியோவும் சகாக்களும் தொடங்கிய ஏ.ஆர்.டி.சி. என்ற முதலீட்டு நிறுவனத்தைச் சொல்வார்கள். 1957-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் 70,000 டாலர் போட்டு, கோடிக்கணக்கில் அள்ளியது. ஆனால் ஆறு பெருகியது 1979-ல். ஓய்வூதிய நிதிகள் இத்தகைய முதலீட்டில் இறங்கலாம் என்று அமெரிக்கத் தொழிலாளர் துறை தெளிவுபடுத்திய வருஷம் அது. பரீட்சைக்கு என்றால் 1979-ஐ மறக்காதீர்கள்.

பழையகணக்கு: வட்டி வட்டி என்கிறீர்களே, 2000-ல் அமெரிக்காவில் வட்டி கிட்டத்தட்ட 6%. அப்போது எப்படிக் குமிழி வந்தது?

நல்ல அடி. ஒப்புக்கொள்கிறேன், வட்டி மட்டும் போதாது. அன்று திறந்திருந்தது வாசல். நஷ்டத்தில் ஓடும் கம்பெனியையும் பங்குச்சந்தையில் இறக்கி ஃபண்டுகள் வெளியேற முடிந்தது. செல்லப்பிராணிப் பொருள்களை இணையத்தில் விற்ற பெட்ஸ் டாட் காம் 2000 பிப்ரவரியில் பட்டியலானது, நவம்பரில் மூடப்பட்டது. மார்ச் 10-ல் 5,048-ஐத் தொட்ட அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குக் குறியீடு, 2002 அக்டோபரில் 1,114.

பழையகணக்கு: அப்படியானால் 2021-ம் வாசல் கதைதானே? வட்டி வெறும் சாக்கு.

இல்லை. இந்த முறை வெளியே போகவே அவசரமில்லை. 2017-ல் ஜப்பானின் சாஃப்ட்பேங்க் ஏறத்தாழ 10,000 கோடி டாலரில் ஒரு ஃபண்ட் திரட்டியது. உள்ளேயே அவ்வளவு பணம் இருந்தால் சந்தைக்குப் போய்க் கணக்குக் காட்டுவானேன்? அலுவலக இடத்தை வாடகைக்கு விடும் வீவொர்க்கை 2019 ஜனவரியில் 4,700 கோடி டாலர் என்றார்கள். பங்கு வெளியீட்டுக்காகக் கணக்கை வெளியிட்டார்கள், செப்டம்பரில் வெளியீட்டையே திரும்பப் பெற்றார்கள். வட்டி பல வருஷம் தாழ்ந்தே இருக்காவிட்டால் உள்ளே அவ்வளவு தண்ணீர் தேங்கியிருக்காது. 2000-க்கு உங்கள் கட்சி, 2021-க்கு என் கட்சி.

பழையகணக்கு: பேராசைக்கு இடமே இல்லையா?

அது எல்லா வருஷமும் இருக்கிறது ஐயா. எப்போதும் இருப்பதை வைத்து ஏற்ற இறக்கத்தை விளக்க முடியாது.

தென்காசி ரசிகர்: ஸோஹோ வெளிமுதலீடே வாங்காமல் வளரவில்லையா?

வளர்ந்தது. அங்கே வேலை பார்த்து வெளியே வந்த கிரிஷ் மாத்ருபூதம் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற தன் மென்பொருள் கம்பெனிக்கு முதலீடு வாங்கினார். 2021 செப்டம்பரில் 36 டாலர் விலையில் நாஸ்டாக்கில் இறக்கினார். மறு வருஷமே பங்கு அதில் பாதிக்குக் கீழே போனது. இரண்டுமே சென்னையில் வேர்விட்டவை, இரண்டும் நடக்கக்கூடிய வழிகள். மென்பொருளை விற்ற காசிலேயே அடுத்ததைச் செய்யலாம். ராக்கெட் செய்கிறவரிடம் இதைச் சொல்லாதீர்கள்.

சேலத்தார்: ஏஞ்சல் வரி இன்னும் இருக்கிறதா?

பங்கின் நியாய மதிப்புக்கு மேல் வாங்கிய முதலீட்டை வருமானமாகக் கருதிப் போட்ட வரி அது. 2012-ல் வந்தது, 2024 ஜூலை பட்ஜெட்டில் ரத்தானது. பழைய நோட்டீஸ் இருந்தால் ஆடிட்டரிடம் போங்கள்.

இன்னொரு புதுமுகம்: எவ்வளவு வேல்யுவேஷன்...

மேலே இரண்டாவது பதில்.

திருச்சிக்காரர்: எந்தப் பங்கு வாங்கலாம்?

என் பேட்டை இல்லை.

கோவைக்காரர்: நல்ல வேல்யுவேஷனோடு டெர்ம் ஷீட் (முதலீட்டு நிபந்தனைத் தாள்) வந்திருக்கிறது. நாளைக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள். பிரிஃபரன்ஸ் ஒன்றரை மடங்கு.

இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? வக்கீலுக்குப் போன் போடுங்கள்.