தேக்கு பார் கேபினெட்டில் கிளாஸ் வட்டம்: உப்புத்தாளைத் தொடாதீர்கள்

1960களின் டேனிஷ் பார் கேபினெட், மேல்பலகையில் கிளாஸ் வைத்த வட்டக் கறைகள், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்.

இவை பெரும்பாலும் முழுத் தேக்கு இல்லை. பலகை மேல் ஒட்டிய வெனீர், அதாவது மெல்லிய தேக்குத் தகடு, ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஓரிடத்தில் கூடுதலாகத் தேய்த்தால் அடிப்பலகை பல்லிளிக்கும். நானும் ஒரு குட்டி மேசையை அப்படிக் கெடுத்தவன்தான்.

வட்டம் என்ன நிறம்? வெள்ளை என்றால் ஈரம் மேல்பூச்சில்தான் சிக்கியிருக்கிறது. ஹேர் டிரையரை மிதமான சூட்டில் காட்டுங்கள். போகாவிட்டால் 0000 ஸ்டீல் உல்லில் (மிக மெல்லிய இரும்பு நார்) எண்ணெய் தொட்டு, மர இழையின் போக்கிலேயே மெல்லத் தேயுங்கள்.

கறுப்பு என்றால் கறை மரத்துக்குள் இறங்கிவிட்டது. பழைய பூச்சை எடுத்துவிட்டு, கையுறை போட்டு, மரக்கறையை வெளுக்கும் ஆக்சாலிக் அமிலக் கரைசலைப் பலகை முழுக்கப் பூசிக் கழுவ வேண்டும். வட்டத்தில் மட்டும் பூசினால் அந்த இடம் தனியாக வெளுத்து நிற்கும்.

நன்றாகக் காய்ந்த பிறகு டீக் ஆயில், அதாவது மரத்துக்குப் பூசும் எண்ணெய், துணியில் தொட்டுப் பூசுங்கள். சரி, அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயவையுங்கள்.

உள்ளே இருக்கும் தட்டு பார்மைக்கா (பலகை மேல் ஒட்டும் பிளாஸ்டிக் தகடு) என்றால் சோப்புத் தண்ணீரே போதும்.