ஞானப்பல்லை எப்போது எடுப்பது? அக்னிவீர் மெடிக்கலுக்கு முன்பா, பயிற்சியிலா?

கேள்வி: எனக்கு 19 வயது. ராணுவத்தில் சேர அக்னிவீர் எழுத்துத் தேர்வில் பாஸ் ஆகிவிட்டேன், ஓட்டமும் மெடிக்கலும் நடக்கும் ரேலிக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. கீழ் இடது பக்கம் கடைசிப் பல் பாதிதான் வெளியே தெரிகிறது. அடிக்கடி ஈறு வீங்கி வாயைத் திறக்கவே முடியவில்லை. எங்கள் ஊர் பல் டாக்டர் எடுத்துவிடச் சொல்கிறார். ஆனால் ஒரு பல் குறைந்தாலும் மெடிக்கலில் ரிஜெக்ட் என்று பயிற்சி அகாடமியில் சொல்கிறார்கள். இப்போதே எடுப்பதா, செலக்ட் ஆன பிறகு டிரெயினிங்கில் பார்த்துக்கொள்வதா? பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை குறையும் என்று பாட்டி வேறு பயப்படுகிறார். (வேலூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தம்பி, இப்போதே எடுத்துவிடுங்கள். கையில் இரண்டு மாதம் இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு தயக்கமில்லாமல் சொல்கிறேன். இதே கேள்வியை ரேலிக்குப் பத்து நாள் முன்னால் கேட்டிருந்தால் தொடவே வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

முதலில் அந்த ரிஜெக்ட் பயத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் இந்தப் பயத்தில் சீழ் வைத்த பல்லோடு வலி மாத்திரையை விழுங்கிக்கொண்டு கிரவுண்டில் ஓடுகிற பையன்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ராணுவம் 32 பல்லும் வேண்டும் என்று எங்கேயும் கேட்கவில்லை. குறைந்தது 14 'டென்டல் பாயின்ட்' வேண்டும் என்றுதான் அறிவிக்கையில் இருக்கிறது. இந்தப் பாயின்டை எப்படி எண்ணுகிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. தனித்தனிப் பல்லுக்கு மதிப்பெண் கிடையாது, மேல் பல்லும் அதற்கு நேர் கீழ்ப் பல்லும் ஒன்றையொன்று சரியாகத் தொட்டுக் கடிக்க வேண்டும், அந்த ஜோடிக்குத்தான் மதிப்பெண். முன்பற்கள், கோரைப்பல், அதை அடுத்த இரண்டு சிறிய கடைவாய்ப்பற்கள் எல்லாம் ஜோடிக்கு 1. முதல், இரண்டாம் பெரிய கடைவாய்ப்பற்கள் ஜோடிக்கு 2. ஞானப்பல் நன்றாக வளர்ந்திருந்தால் 2, அரைகுறையாக இருந்தால் 1.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு 1 பாயின்ட் ஜோடிகள் ஐந்து, இரண்டு பக்கமும் சேர்த்து 10. பெரிய கடைவாய்ப்பற்கள் பக்கத்துக்கு 4, மொத்தம் 8. ஆக ஞானப்பல் ஒன்றுகூட இல்லாமலே 18 வந்துவிட்டது. நான்கு ஞானப்பல்லும் நன்றாக இருந்தால் 22, அரைகுறையாக இருந்தால் 20. வேண்டியது 14. இதோடு, அதிகாரிகள் தேர்வான என்.டி.ஏ. அறிவிக்கையில் இன்னொரு விதியும் விவரமாக இருக்கிறது: ஒவ்வொரு தாடையிலும் முன்பற்கள் 6-ல் ஏதாவது 4, பின்பற்கள் 10-ல் ஏதாவது 6 ஒழுங்காகக் கடிக்கும் நிலையில் இருக்க வேண்டும். ஞானப்பற்களை எடுத்தாலும் பின்பற்கள் தாடைக்கு 8 இருக்கும், அதனால் அங்கேயும் சிக்கல் இல்லை. உங்கள் விஷயத்தில் அந்தப் பல் பாதி ஈறுக்குள் சாய்ந்து கிடக்கிறது, எதிர்ப்பல்லோடு சரியாகக் கடிக்கவே வழியில்லை, அதற்கு யாரும் பாயின்ட் போட்டுவிடப் போவதில்லை. எடுப்பதால் நீங்கள் இழப்பது எதுவும் இல்லை.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். நம் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு ஆறு வயதில் முளைக்கிற முதல் கடைவாய்ப்பல் சொத்தையாகி, பள்ளிக்கூட நாளிலேயே பிடுங்கியிருப்பார்கள். ஒரு ஜோடி போனால் 2 பாயின்ட் போச்சு. அப்படி இரண்டு ஜோடி போயிருந்தால் 18 என்பது 14 ஆகிவிடும், மூன்றாவதாக இன்னொரு பெரிய கடைவாய்ப்பல் ஜோடியும் போயிருந்தால் 12. இந்த நிலையில் இருப்பவருக்கு நன்றாக முளைத்து எதிர்ப்பல்லோடு கடிக்கிற ஞானப்பல்தான் கணக்கை மேலே தூக்கும், அதைச் சும்மா பிடுங்கிவிடக் கூடாது. அதனால் எடுப்பதற்கு முன் உங்கள் பல் டாக்டரிடம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. சொத்தையை அடைத்த பல், வேர் சிகிச்சை செய்து காப்பாற்றக்கூடிய பல் எல்லாவற்றையும் பிடுங்காமல் காப்பாற்றுவதுதான் புத்திசாலித்தனம். அறிவிக்கை கேட்பது இயற்கையான பற்களை, அதனால் செயற்கைப் பல் கட்டிச் சமாளித்துவிடலாம் என்று நம்பாதீர்கள்.

ஏன் இப்போதே என்கிறேன்? பாதி முளைத்த பல்லுக்கு மேல் ஈறு ஒரு மடல் போல மூடிக்கொண்டிருக்கும், அதற்கடியில் சாப்பாடும் கிருமியும் தங்கி வீங்குகிறது, பிரஷ் அங்கே போகாது. மாத்திரை போட்டால் அடங்கும், ஆனால் இடம் அப்படியே இருப்பதால் மறுபடி வரும். உங்களுக்கு ஏற்கெனவே திரும்பத் திரும்ப வருகிறது, அதனால் இது தானாகச் சரியாகும் கட்டத்தைத் தாண்டிவிட்டது. அதோடு சாய்ந்த ஞானப்பல் பக்கத்தில் இருக்கும் இரண்டாம் கடைவாய்ப்பல்லின் பின்பக்கத்தைச் சொத்தையாக்கும், அந்தப் பல் போனால் நிஜமாகவே 2 பாயின்ட் நஷ்டம். வயதும் உங்களுக்குச் சாதகம். 19 வயதில் வேர் பெரும்பாலும் முழுசாக இறுகியிருக்காது, எலும்பிலும் கொஞ்சம் இளக்கம் இருக்கும், புண் வேகமாக ஆறும்.

அதே சமயம் வலி, வீக்கம், சொத்தை எதுவும் இல்லாமல் சும்மா இருக்கிற ஞானப்பல்லை, ராணுவத்துக்குப் போகிறோமே என்று முன்னெச்சரிக்கையாகப் பிடுங்குவதை நான் ஆதரிப்பதில்லை. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2000-ஆம் ஆண்டிலேயே நோயில்லாத ஞானப்பல்லை எடுக்க வேண்டாம் என்று வழிகாட்டுதல் கொடுத்தது. அமெரிக்கப் படைகளில் நிலைமை கொஞ்சம் வேறு: அங்கே வீரர்களின் பல் நிலையை நான்கு வகுப்பாகப் பிரித்து, ஒரு வருடத்துக்குள் அவசரம் வரக்கூடும் என்று தோன்றினால் மூன்றாம் வகுப்பில் போட்டுவிடுவார்கள். அந்த வகுப்பில் இருப்பவரைப் பொதுவாகக் களத்துக்கு அனுப்புவதில்லை. அதனால் பயிற்சிக் காலத்திலேயே ஞானப்பல்லை எடுத்துவிடுவது அங்கே சகஜம். அதைப் பார்த்துவிட்டு இங்கேயும் நான்கையும் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சரி, எத்தனை நாள் முன்னால் எடுக்க வேண்டும்? மெடிக்கலுக்கு ஆறு வாரமாவது இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. கீழ் ஞானப்பல்லை ஈறு கிழித்து, எலும்பு கொஞ்சம் செதுக்கி எடுக்கும்போது வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரத்தில் தையல் பிரிப்பார்கள், ஈறு மூட இரண்டு மூன்று வாரம் ஆகும். உள்ளே எலும்பு நிரம்ப மாதக்கணக்கில் ஆகும், அது வெளியே தெரியாது. ஆனால் பலர் யோசிக்காத ஒன்று தாடை இறுக்கம். ஆபரேஷனுக்குப் பிறகு சில நாள், சிலருக்கு இரண்டு வாரம்கூட, வாய் முழுசாகத் திறக்காது. என்.டி.ஏ. போன்ற தேர்வுகளின் மருத்துவ விதியில் முன்பற்களுக்கிடையே 30 மில்லிமீட்டருக்குக் குறைவாக வாய் திறந்தால் தகுதியில்லை என்றே எழுதியிருக்கிறார்கள். நேற்று பல் எடுத்துவிட்டு இன்று போய் டாக்டர் முன்னால் நின்றால், ஆறிப்போகிற இறுக்கம்தான் என்று உங்களுக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்? உங்கள் மூன்று விரலை நெட்டாக அடுக்கி வாய்க்குள் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் கவலை இல்லை.

பாக்கு, குட்கா, உதட்டில் வைக்கும் புகையிலை பழக்கம் இருந்தால் அதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கன்னம் உள்ளே நார் போல இறுகி வாய் திறப்பதைக் குறைக்கும் நோய் முக்கியமாகப் பாக்கிலும் பாக்கு கலந்த குட்காவிலும்தான் வருகிறது, அதைக் கண்டால் தேர்வே போய்விடும், புற்றுநோயாகவும் மாறலாம். இன்றோடு விடுங்கள்.

இரண்டு வாரத்துக்குள் மெடிக்கல் என்றால் வேறு வழி. பல் எடுக்க வேண்டாம். டாக்டரிடம் போய் அந்த ஈறு மடலுக்கு அடியில் கழுவச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் அவர் எழுதும் ஆன்டிபயாட்டிக்கை முழுசாகச் சாப்பிடுங்கள், வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளியுங்கள், அப்புறம் பற்களை ஸ்கேலிங் செய்துகொள்ளுங்கள். ரேலிக்கு வருமுன் காதுக் குரும்பியையும் பல் காரையையும் சுத்தம் செய்துகொண்டு வாருங்கள் என்று அறிவிக்கையிலேயே இருக்கிறது, ஆனாலும் மஞ்சள் காரையும் ரத்தம் கசியும் ஈறுமாகப் போய் நிற்கிறார்கள். இரண்டுக்கும் ஆறு வாரத்துக்கும் நடுவில் என்றால் பல்லைப் பொறுத்தது. நேராக முளைத்த மேல் ஞானப்பல் என்றால் சுலபமாக வந்துவிடும், எலும்பில் புதைந்த கீழ்ப் பல் என்றால் தள்ளிப்போடுங்கள். மெடிக்கல் முடிந்து, சேரச் சொல்லிக் கடிதம் வரும் வரை இடைவெளி கிடைக்கும், அதில் முடித்துக்கொள்ளலாம். சேரும் இடத்திலும் ஒருமுறை உடம்பைப் பார்ப்பார்கள் என்று நினைத்தே திட்டமிடுங்கள்.

எடுக்கும் முன் இரண்டு தாடையையும் முழுசாகக் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரே கட்டாயம். கீழ்த்தாடைக்குள் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஓடுகிறது, வேர் அதை ஒட்டியிருக்கிறதா என்று அதில் தெரியும். ஒட்டியிருந்தால் வாய் முக அறுவை சிகிச்சை நிபுணரிடம்தான் போக வேண்டும். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மாதிரி இடங்களில் இந்தச் சிகிச்சை கிடைக்கும், பணத்துக்காக யாரும் தள்ளிப்போட வேண்டியதில்லை. வீக்கம் கொதித்துக்கொண்டிருக்கும்போது எடுக்கச் சொல்லி டாக்டரை அவசரப்படுத்தாதீர்கள், முதலில் அதை அடக்கிவிட்டு எடுப்பார்.

எடுத்த பிறகு பல் குழியில் உறைகிற ரத்தக்கட்டியைக் காப்பாற்றுவதுதான் முக்கிய வேலை. முதல் நாள் துப்புவது, கொப்பளிப்பது, ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவது எதுவும் கூடாது, பீடி சிகரெட் பக்கமே போகக் கூடாது. கன்னத்துக்கு வெளியே ஐஸ் வையுங்கள். ஆறின கஞ்சி, தயிர் சாதம், குழைந்த இட்லி, அவித்த முட்டை போதும். மறுநாளிலிருந்து உப்புத் தண்ணீர். மூன்றாவது ஐந்தாவது நாளுக்குள் வலி குறைவதற்குப் பதிலாக ஏறி, காது வரை இழுத்து, வாய் நாற்றமும் சேர்ந்தால் கட்டி கரைந்து எலும்பு வெளியே தெரிகிறது என்று அர்த்தம். டாக்டர் கழுவி மருந்து வைத்தால் சீக்கிரம் அடங்கும், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டால் அடங்காது.

ஓட்டப் பயிற்சியை விட மனசு வராது, தெரியும். நான்கு நாள் முழு ஓய்வு, அப்புறம் நடை, ஒரு வாரம் பத்து நாள் கழித்து டாக்டர் பார்த்துச் சரி என்றால் மெதுவான ஓட்டம். இரண்டாம் நாளே 1600 மீட்டருக்கு நேரம் பார்த்து ஓடினால் ரத்த அழுத்தம் ஏறி மறுபடி ரத்தம் கசியும். புல்-அப்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவீர்கள், அதற்கும் அதே பத்து நாள். குத்துச்சண்டை, கபடி மாதிரி முகத்தில் அடிபடக்கூடியது ஆறு வாரம் வேண்டாம், எலும்பு எடுத்த இடத்தில் தாடை பலவீனமாக இருக்கும்.

பயிற்சியில் பார்த்துக்கொள்ளலாமா என்றால், முடியும், ஆனால் அதைத் திட்டமாக வைத்துக்கொள்ளக் கூடாது. வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டரோ, பெங்களூரு மெட்ராஸ் சாப்பர்ஸ் சென்டரோ, எங்கே போனாலும் 1941-ல் தொடங்கிய ராணுவப் பல் மருத்துவப் பிரிவின் டாக்டர்களிடம் சிகிச்சை கிடைக்கும், செலவு இல்லை, திறமையிலும் குறை இல்லை. நாட்கள்தான் பிரச்சினை. விடியலில் பி.டி., அப்புறம் டிரில், துப்பாக்கிப் பயிற்சி என்று ஓடுகிற அட்டவணையில் நான்கைந்து நாள் விலக்கு வாங்கினால் அதைப் பிடிக்கத் திணறுவீர்கள், சிக்கலாகி நாட்கள் கூடினால் அடுத்த பேட்சுக்குத் தள்ளப்படும் வாய்ப்பும் உண்டு. ஆனாலும் அங்கே போன பிறகு வீங்கினால் மறைக்காதீர்கள். பயிற்சி தரும் உஸ்தாத் என்ன நினைப்பாரோ என்று ஒளித்து வைத்து, காய்ச்சலோடு கழுத்து வரை வீங்கி, விழுங்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் அது உயிருக்கே ஆபத்து. வாய் திறக்கச் சிரமம், காய்ச்சல், விழுங்கும்போது வலி, இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே முகாமின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமுக்குப் போங்கள்.

பாட்டியிடம் சொல்லுங்கள், பார்வைக்கான நரம்பு வேறு, பல்லுக்கு வருகிற நரம்பு வேறு, பல் எடுப்பதால் பார்வை குறையாது. கண் பரிசோதனையில் தவறினவர்கள் பல் எடுத்ததால் தவறவில்லை, கண்ணாடி போட வேண்டிய கண்ணை முன்கூட்டியே பரிசோதிக்காததால்தான்.

மெடிக்கலில் பல் விஷயமாகத் தகுதியில்லை என்று எழுதினால் அங்கே வாதாடாதீர்கள், ராணுவ மருத்துவமனையில் சிறப்பு மருத்துவரின் மறுபரிசோதனைக்கு வாய்ப்பு உண்டு, அவர்கள் தரும் காகிதத்தில் எந்த மருத்துவமனை, எத்தனை நாளுக்குள் என்று இருக்கும், அந்த நாளைத் தவற விடாதீர்கள். போகும்போது பல் எடுப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேக்களையும், எந்தப் பல், எந்தத் தேதி, ஏன் எடுத்தது என்று உங்கள் டாக்டர் எழுதிக் கையெழுத்திட்ட சீட்டையும் கொண்டுபோங்கள். கேட்டால் எடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள், பிடுங்கிய ஞானப்பல் யாருக்கும் குற்றம் இல்லை.