அழியாத சேமிப்பு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தாத்தாவின் கடிதங்களை ஸ்கேன் செய்து, இனி அழியாது என்று நம்பி, கணினிகள் தமக்குள் நேரடியாகக் கோப்புகளைப் பகிரும் ஐபிஎஃப்எஸ் (IPFS) வலையமைப்பில் ஏற்றினேன். பழைய மடிக்கணினியை விற்றபின் அந்த இணைப்புகள் திறப்பதில்லை. ஆர்வீவ் (Arweave) என்னும் இணையச் சேமிப்பு வலையமைப்பில் ஏற்றினால் நிரந்தரமாக இருக்கும் என்கிறார்கள். நம்பலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஐபிஎஃப்எஸ்ஸில் ஒரு கோப்பின் முகவரி அதன் உள்ளடக்கத்திலிருந்தே, அதன் கைரேகை போன்ற ஒரு குறியீட்டு எண்ணைத் தரும் ஹாஷ் முறையில் கணக்கிடப்படுகிறது. ஓர் எழுத்து மாறினாலும் முகவரி மாறிவிடும் என்பதால், கைக்கு வந்த பிரதி அசலோடு ஒத்ததுதானா என்று எவரும் சரிபார்க்கலாம். ஆனால் யாராவது ஒருவர் அதைத் தம் கணினியில் ‘பின்’ செய்து, அதாவது நீக்கப்படாதபடி தக்கவைத்து, வைத்திருந்தால்தான் அது தொடர்ந்து கிடைக்கும். உங்கள் கடிதங்களுக்கு அந்த மடிக்கணினி ஒன்றே இருப்பிடமாக இருந்திருக்க வேண்டும். அதே ஸ்கேன் கோப்புகள் வேறெங்காவது இருந்தால், முன்பு ஏற்றியபோது இருந்த அதே மென்பொருள் அமைப்புகளோடு (settings) மீண்டும் ஏற்றுங்கள். பழைய இணைப்புகளே திறக்கும்.

2018இல் தொடங்கிய ஆர்வீவ், பிரதியை வைத்திருப்பவருக்குப் பணம் கொடுத்து இச்சிக்கலைத் தீர்க்க முயல்கிறது. நாம் ஒருமுறை செலுத்தும் கட்டணத்தின் பெரும்பகுதி ஒரு நிதியில் சேர்ந்து, சேமிப்பவர்களுக்குத் தேவைப்படும்போது வழங்கப்படுகிறது. இன்றைய விலையில் 200 ஆண்டுச் சேமிப்புக்கான தொகையை வாங்கிவிட்டால், சேமிப்புச் செலவு ஆண்டுக்கு 0.5 விழுக்காடு குறைந்தாலே நிதி தீராது என்பது அவர்களது கணக்கு. வன்தட்டு விலை பல பத்தாண்டுகளாக இதைவிட மிக வேகமாகக் குறைந்து வந்திருப்பதால், கணக்கின் இந்தப் பகுதி எனக்கு ஏற்புடையதே. தயக்கம் வேறிடத்தில் இருக்கிறது: அந்த நிதி முழுவதும் ஏஆர் என்னும் அவர்களது சொந்த நாணயத்தில் உள்ளது. அது மதிப்பிழந்தால், வன்தட்டு எவ்வளவு மலிந்தாலும், பிறருடைய கோப்புகளைக் காத்து வைக்க யாருக்கும் காரணம் இருக்காது.

இருந்தும் அதன் தேவையை நான் மறுக்கவில்லை. 2021 ஜூனில் ஹாங்காங்கின் ‘ஆப்பிள் டெய்லி’ நாளிதழ் மூடப்பட்டபோது, அதன் கட்டுரைகளை ஆர்வலர்கள் ஆர்வீவில் ஏற்றிக் காத்தார்கள். ஒரே ஆணையால் அழித்துவிட முடியாத இடம் அவற்றுக்கு அவசியமாக இருந்தது.

உங்களிடம் இருப்பவையோ குடும்பக் கடிதங்கள். ஆர்வீவில் ஏற்றியதை ஏற்றியவரே நினைத்தாலும் நீக்க முடியாது. கடன், நோய், மணமுறிவு என்று இன்று உயிரோடிருப்பவர்களைப் பற்றிய வரிகள் அவற்றில் இருந்தால், அவர்களுடைய ஒப்புதல் இல்லாமல் பொதுவில் ஏற்றும் உரிமை உங்களுக்கு இல்லை என்றே கருதுகிறேன். முதலில் இரண்டு வன்தட்டுகளில் பிரதி எடுத்து, வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். ஹாஷ் எண்களைத் தாளில் அச்சிட்டு வைத்துக்கொண்டு, ஆண்டுக்கொருமுறை கோப்புகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊரறிய வைக்கத் தக்க கடிதங்களை மட்டும், உறவினர்களிடம் காட்டிய பிறகு, ஆர்வீவில் ஏற்றலாம்.