வெள்ளிக்கிழமை நான்கு மணி

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூ ஜெர்சியில் மென்பொருள் துறையில் இருக்கிறேன். என் குழுவில் ஒரு யூத நண்பர் பணிபுரிகிறார். மத ஈடுபாடு இல்லாத வீட்டில் வளர்ந்தவர். சென்ற ஆண்டு நியூயார்க் தெருவில் கறுப்புத் தொப்பி அணிந்த இரண்டு இளைஞர்கள் "நீங்கள் யூதரா?" என்று கேட்டு, அவர் கையிலும் நெற்றியிலும் தோல்வாரைக் கட்டி ஒரு ஜெபம் சொல்லவைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் அதைச் செய்கிறார். இந்தக் குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் மூன்று மணிக்கே கிளம்பிவிடுகிறார். "கடவுள் நம்பிக்கை வந்துவிட்டதா?" என்று கேட்டேன். "தெரியவில்லை" என்றார். நம்பிக்கை இல்லாமல் சடங்கை மட்டும் செய்வது போலித்தனம் இல்லையா? முன்பின் தெரியாதவரை வழிமறித்து இப்படித் தூண்டுவது சரியா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

"தெரியவில்லை" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலையிலும் அந்த வாரை எடுத்துக் கட்டுகிற மனிதரைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இல்லாததை இருப்பதாகக் காட்டுவதுதானே போலித்தனம்? அவர் எதையும் அப்படிக் காட்டவில்லையே.

நம்பிக்கை முதலில் வரவேண்டும், செயல் அதற்குப் பின்னால் வரவேண்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். யூத மரபில் இந்த வரிசை வேறு. சீனாய் மலையடிவாரத்தில் கடவுளின் கட்டளைகளைக் கேட்ட மக்கள் சொன்னதாக விவிலியத்தின் யாத்திராகமம் 24-ஆம் அதிகாரத்தில் வருவது 'நஅசே வெநிஷ்மா'. செய்வோம், கேட்போம். எபிரேயத்தில் கேட்பதற்குப் புரிந்துகொள்வது என்ற பொருளும் உண்டு. செய்வதாக முதலில் ஒப்புக்கொண்டு, புரிந்துகொள்வதைப் பின்னால் வைத்தார்களே என்று யூத மத அறிஞர்களான ரப்பிகள் இதை வியந்து பேசியிருக்கிறார்கள். அந்த ரப்பிகளின் விவாதத் தொகுப்பான தல்மூத் இன்னும் துணிச்சலானது. வேறு ஏதோ நோக்கத்தோடாவது ஒருவன் கட்டளைகளைக் கைக்கொள்ளட்டும், செய்யச் செய்ய அவற்றுக்காகவே செய்கிற நிலைக்கு வந்துவிடுவான் என்கிறது.

உங்கள் நண்பர் கட்டுவதன் பெயர் தெஃபிலின். நெற்றியில் என்று எழுதியிருக்கிறீர்கள். தலைப்பெட்டி நெற்றியில் அமர்வதில்லை, முடி தொடங்கும் இடத்துக்கு மேலேதான் வைக்கவேண்டும். இரண்டு கறுப்புத் தோல்பெட்டிகள். இரண்டிலும் யூதர்களின் வேதமான தோராவின் அதே நான்கு பகுதிகள், தோலில் கையால் எழுதப்பட்டவை. கைப்பெட்டியில் நான்கும் ஒரே சுருளில் இருக்கும். தலைப்பெட்டியில் நான்கு அறைகள், அறைக்கு ஒன்று. வலக்கைப் பழக்கமுள்ளவர் இடது மேல்கையில் பெட்டியை இதயத்தின் பக்கம் சாய்த்துக் கட்டி, முன்கையில் ஏழு சுற்றுச் சுற்றுவார். கடைசியில் நடுவிரலில் மூன்று சுற்று. அப்போது பல சமூகங்களில் ஓசியா தீர்க்கதரிசியின் வசனத்தைச் சொல்வார்கள்: என்றென்றைக்கும் உன்னை எனக்கு நிச்சயித்துக்கொள்வேன். மோதிரம் மாற்றும்போது சொல்லத்தக்க வார்த்தை அது. ஒவ்வொரு வேலைநாள் காலையிலும் ஒரு நிச்சயதார்த்தம். கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் வாரின் தடம் தோலில் பதிந்திருக்கும். காலைக் கூட்டத்தில் உங்கள் நண்பரின் முன்கையை நீங்களே பார்த்திருக்கலாம்.

அந்த இளைஞர்கள் லுபாவிச் ஹசீதிகள் என்ற யூத பக்தி இயக்கத்தைச் சேர்ந்தவர்களாக இருக்கவேண்டும். அவர்களின் குருவான மெனகெம் மெண்டெல் ஷ்னீர்சன் 1967-இல், ஆறுநாள் போருக்குச் சற்று முன்னால், தெஃபிலின் இயக்கத்தைத் தொடங்கினார். பிறகு வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கும் ஓய்வுநாளுக்கான விளக்கு, நிலைக்காலில் பதிக்கும் வேதவசனச் சுருளான மெசூசா, உண்டியல் தருமம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார். "நீங்கள் யூதரா?" என்று அவர்கள் கேட்பதற்குக் காரணம் உண்டு. பிறரை மதம் மாற்ற அவர்கள் முயல்வதில்லை. இல்லை என்றால் வழிவிட்டுவிடுவார்கள், ஆம் என்றால் இரண்டு நிமிடம் கேட்பார்கள். எனக்குப் பிடித்தது இந்த இரண்டு நிமிடம்தான். தோராவின் கட்டளைகள் 613 என்பது மரபுக் கணக்கு. அத்தனையையும் ஏற்றுக்கொள் என்றால் யாரும் ஓடிவிடுவார்கள். இன்று இந்த ஒன்றைச் செய், அதோடு கடன் முடிந்தது என்கிறார்கள். ஒரு மிட்ஸ்வா, அதாவது கட்டளை, இன்னொரு மிட்ஸ்வாவை இழுத்துவரும் என்பது பழைய ரப்பிகளின் வாக்கு. உங்கள் நண்பரிடம் நடந்ததும் அதுவே. காலைத் தெஃபிலின் வெள்ளிக்கிழமை மாலையை இழுத்துவந்துவிட்டது.

தெருவில் நிறுத்தப்படுவதை வெறுக்கும் யூதர்களும் உண்டு. அவர்கள் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு நடக்கலாம், அந்த உரிமை இருக்கிறவரை எனக்கு உறுத்தல் இல்லை. அரசு நுழையும்போதுதான் உறுத்துகிறது. இஸ்ரேலின் பெரும்பாலான ஊர்களில் ஓய்வுநாளில் பஸ் ஓடுவதில்லை. காரில்லாத ஒருவர் தன் தாயைப் பார்க்கப் போகமுடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தால், அவர் ஓய்வுநாளை அனுசரித்தார் என்று எப்படிச் சொல்வது?

சில ஆண்டுகள் நான் நியூயார்க்கில் குடியிருந்தபோது கீழ்த்தளத்தில் ஒரு யூத மூதாட்டி இருந்தார். முப்பது ஆண்டுகள் விட்டிருந்த வெள்ளிக்கிழமை விளக்கை, கடைவாசலில் ஒரு பெண் இரண்டு சிறிய மெழுகுவர்த்திகளும் நேரம் எழுதிய அட்டையும் கொடுத்ததால் மீண்டும் ஏற்றத் தொடங்கியவர். ஒருநாள் என்னையும் கூப்பிட்டார். ஏற்றினார், சுடருக்கு மேல் கைகளை மூன்று முறை தன் பக்கமாக வளைத்து இழுத்தார், கண்களைப் பொத்திக்கொண்டு ஆசிமொழி சொன்னார். ஏன் கண்ணைப் பொத்தவேண்டும் என்று கேட்டேன். பொதுவாக ஆசிமொழி முதலில், செயல் பிறகு. ஆனால் இந்த ஆசிமொழியைச் சொன்னதுமே ஓய்வுநாள் தொடங்கிவிடுகிறது, அதன்பின் நெருப்பு மூட்டக்கூடாது. அதனால் முதலில் ஏற்றிவிட்டு, கண்ணைப் பொத்திச் சொல்லிவிட்டு, கையை எடுக்கும்போது விளக்கு அந்தக் கணத்தில்தான் எரியத் தொடங்குவதுபோலப் பார்க்கிறார்கள். அவர் கையை எடுத்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். நம்பிக்கை உண்டா என்று கேட்கத் தோன்றவில்லை.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. கொங்கண் கரையின் பெனே இஸ்ரேல் யூதர்கள் பல நூற்றாண்டுகள் மற்ற யூதர்களோடு தொடர்பின்றி வாழ்ந்தார்கள். எபிரேயம் மறந்துபோயிற்று. செக்காட்டிகளான அவர்கள் சனிக்கிழமை செக்கை நிறுத்தினார்கள், 'சனிவார் தேலி' என்றே ஊரார் அழைத்தார்கள். அவர்களைத் தேடிவந்த டேவிட் ரஹாபி என்ற யூதர், அவர்கள் யூதர்கள்தானா என்று சோதிக்கக் கலந்த மீன்களைக் கொடுத்தார் என்றும், யூத மரபு விலக்கிய, துடுப்பும் செதிலும் இல்லாதவற்றைப் பெண்கள் ஒதுக்கிவைத்தார்கள் என்றும் அச்சமூகம் சொல்லிவருகிறது. காரணம் கேட்டிருந்தால் அந்தப் பெண்களும் "தெரியவில்லை" என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் கை அறிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை விளக்கைச் சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பே ஏற்றுவது பரவலான வழக்கம். டிசம்பர் தொடக்கத்தில் உங்கள் பக்கம் நாலரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். அதாவது 4.10-க்குள் அவர் வீடு சேர்ந்து, குளித்து, மேசை விரித்து, தீக்குச்சியைக் கிழித்திருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டம் ஏதாவது உங்கள் பொறுப்பில் இருந்தால், மார்ச் வரை அதை வியாழனுக்கு மாற்றிவிடுங்கள்.

அன்புடன்.